விளாச்சேரியில் வாங்கிய குடில் பொம்மைகள்

மதுரையின் தென்மேற்கு ஓரத்தில், பசுமலைக்கு அருகே, விளாச்சேரி என்ற ஊர் இருக்கிறது. நவராத்திரிக் கொலு பொம்மைகளுக்கும் விநாயகர் சிலைகளுக்கும் பெயர் பெற்ற இந்த ஊரில், கொலு முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மை வேலை தொடங்கிவிடுகிறது. கடந்த நவம்பர் மாதம் அங்கே ஒரு குடும்பத்தாரிடம் 15 பொம்மைகள் கொண்ட ஒரு செட்டை 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். நிற்கும் உருவங்கள் 8 அங்குல உயரம். எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் (ஞாயிறு வேத வகுப்பு) பிள்ளைகளுக்கென்று வாங்கியவை அவை. டிசம்பரில் முதலில் வகுப்பறையிலும், பிறகு எங்கள் வீட்டிலும் வைத்திருந்துவிட்டு, ஜனவரியில் அவற்றைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிய பிறகு இதை எழுதுகிறேன்.

பொம்மைகளின் தரத்தைப் பற்றி மட்டும் எழுதுவதானால் அரைப்பக்கம் போதும். ஆனால் எங்களைப் போன்ற சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைக் குடும்பங்களில், குடில் வாங்கப் புறப்படும்போது விலையைக் கேட்பதற்கு முன்பாகவே எழும் கேள்வி ஒன்று உண்டு. வேதத்தில் கட்டளையிடப்படாத ஒரு பண்டிகையை, வேதத்துக்கு வெளியே பிறந்த வழக்கங்களைக் கொண்டு ஆசரிப்பது கிறிஸ்தவனுக்குத் தகுமா? என் தகப்பனார் வாசலில் காகித நட்சத்திரம் கட்டுவார், பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பார், ஆனால் குடில் வைக்க ஒருபோதும் சம்மதித்ததில்லை. உருவம் செய்யாதே என்ற கட்டளையை அவர் அந்த இடத்தில் வைத்து வாசித்தார். என் அண்ணன் அதற்கும் அப்பால் போய், கிறிஸ்துமஸையே ஆசரிக்காத ஒரு சபையில் பல ஆண்டுகளாக ஐக்கியமாக இருக்கிறார். ஆகவே 60 வயதைத் தாண்டிய பிறகு முதல்முறையாக ஒரு குடில் செட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, அதை அவர்கள் இருவருக்கும் பதில் சொல்லும் பொறுப்போடுதான் கொண்டுவந்தேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவை சுட்ட மண் பொம்மைகள். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனி அச்சு. பிசைந்த மண்ணை இரண்டிலும் அழுத்தி எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஒட்டி, ஒட்டிய விளிம்பைத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்து, நிழலில் உலரவிட்டுச் சூளையில் சுடுகிறார்கள். உள்ளே கூடாக இருப்பதால் பார்வைக்குத் தோன்றும் அளவுக்குக் கனமில்லை. நல்ல சூட்டில் வெந்த பொம்மையை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். மங்கிய சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று பொருள். பதினைந்தையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். விற்றவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களே ஒரு மேய்ப்பனைச் சுண்டிப் பார்த்துவிட்டு, அதை ஒதுக்கி வேறொன்றை எடுத்துவந்தார்கள்.

முகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கிகளுக்கு வண்ணத்தைத் தெளித்துப் பூசியிருந்தாலும், கண்ணும் புருவமும் உதடும் கையால் எழுதப்பட்டவை. அவை கொலு பொம்மையின் கண்கள்: நீண்டவை, மையிட்டவை, காதை நோக்கி இழுக்கப்பட்டவை. கடைகளில் கிடைக்கும் அச்சு வார்ப்புச் செட்டுகளில் மரியாள் ஐரோப்பியப் பெண்ணாக, வெளிர்நிற முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த மரியாள் நிமிர்ந்து பார்க்கிறாள். மீனாட்சி ஊரில் எழுதப்பட்ட கண் அது என்பதைச் சொல்லாமலே எவரும் அறிந்துகொள்வார்கள். என் மனைவி முதலில் தயங்கினாள். இரண்டு நாள் கழித்து, பெத்லகேமும் வெயிலடிக்கும் ஊர்தானே என்றாள்.

குறைகளும் உண்டு. ஒட்டகம் வேறொரு அளவு செட்டின் அச்சில் வார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மேய்ப்பனின் இடுப்பளவுக்கே வருகிறது. யோசேப்பின் கைத்தடி கம்பியால் ஆனது, அது நிற்க வேண்டிய துளை பெரிதாகிவிட்டதால் சிறிது மெழுகு வைத்து நிறுத்த வேண்டியிருந்தது. தூதனின் முதுகில் தொங்கவிடுவதற்கென்று பதித்திருக்கும் வளையத்தை நம்பி அதை உயரத்தில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பொன்வண்ணம் விரலில் ஒட்டுகிறது. இத்தனையையும் சேர்த்துப் பார்த்தாலும், 2,600 ரூபாய் அந்த உழைப்புக்குக் குறைந்த விலை என்றே சொல்வேன். நான் பேரம் பேசவில்லை, நீங்களும் பேசாதீர்கள்.

வண்ணம் எழுதிக்கொண்டிருந்த பாட்டியம்மாள் சொன்ன ஒரு வார்த்தை என்னைச் சற்று நிறுத்தியது. யோசேப்புக்குக் கண் இல்லாமல் இருந்ததைக் கண்டு கேட்டேன். “கண்ணு எப்பவும் கடைசியாத்தான் எழுதுவோம் ஐயா. எந்தச் சாமியா இருந்தாலும் அதே முறைதான்” என்றார். கோவில் சிலைகளுக்குக் கண் திறப்பது எவ்வளவு பெரிய சடங்கு என்பதை அறிந்தவன் நான். என் தகப்பனாரின் முகம் அந்தக் கணத்தில் எனக்கு முன்னே வந்து நின்றது. ஆனால் அவர் எந்தச் சடங்கும் செய்யவில்லை. தூரிகையைக் கழுவினார், முந்தானையில் ஒற்றினார், கறுப்பைத் தொட்டு இரண்டு வளைவுகள் இழுத்தார். முதலிலேயே கண்ணை எழுதினால் மற்ற வேலையில் கை பட்டுக் கலைந்துவிடும் என்பது அவருடைய விளக்கம். கடையில் விற்பதை மனச்சாட்சியினிமித்தம் ஒன்றும் விசாரியாமல் வாங்கலாம் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது, விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியும் கலந்து விற்கப்பட்ட ஒரு நகரத்தின் சந்தையை மனதில் வைத்துத்தான். விநாயகருக்கு வண்ணம் தீட்டிய அதே கை யோசேப்புக்கும் தீட்டியது என்பதால் அந்த மண்ணுக்குத் தீட்டு வந்துவிடாது. வேலைக்குக் கூலி பெறும் அந்தக் கையை நான் கனம்பண்ணுகிறேன்.

டிசம்பர் முதல் ஞாயிறன்று பதினைந்து பொம்மைகளையும் வகுப்பு மேசைமேல் நிறுத்தி, பிள்ளைகளிடம், இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தையும் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தையும் திறக்கச் சொன்னேன். எந்தப் பொம்மைக்கு வசனம் இருக்கிறதோ அது மேசையில் நிற்கலாம். இல்லாதது இறங்கி ஜன்னல் திண்டுக்குப் போக வேண்டும். இந்தச் செட்டின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பதை அன்று கண்டேன். குழந்தை, மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள் ஆகியோருக்கு வசனம் உடனே கிடைத்தது. தூதனைப் பற்றி விவாதம் நடந்தது: தூதன் மேய்ப்பர்களுக்கு வயல்வெளியில் தோன்றினான், குழந்தையைக் கிடத்திய முன்னணைக்கு, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டிக்கு, பக்கத்தில் நின்றதாக எழுதப்படவில்லை, ஆகவே மேசையின் மறுகோடிக்குப் போனான். ஆடுகள், மந்தை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவனோடு போயின. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்) மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. காணிக்கைகள்தான் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்று. மேலும் அவர்கள் பிரவேசித்தது ஒரு வீட்டுக்குள். மூவரும் இறங்கினார்கள். ஒட்டகமும் இறங்கியது. கடைசியில் மாடும் கழுதையும் மிஞ்சின. பிள்ளைகள் இரண்டு அதிகாரங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவற்றையும் இறக்கப் போனபோது, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “மாடு இல்லன்னா முன்னணை எதுக்கு சார்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஏசாயாவின் முதல் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், ஜனமோ அறியவில்லை என்று தீர்க்கதரிசி முறையிடுகிற வசனம் அங்கே இருக்கிறது. லூக்காவில் வரும் அதே ‘முன்னணை’ என்ற சொல் நம்முடைய தமிழ் வேதத்தில் அங்கேயும் வருகிறது. பழைய சபையார் இந்த வசனத்தை லூக்காவோடு சேர்த்து வாசித்ததனால்தான் மாடும் கழுதையும் பிறப்புக் காட்சிக்குள் வந்து சேர்ந்தன. ஆகவே அவை சரித்திரச் சாட்சிகள் அல்ல, ஒரு பிரசங்கம். அதைப் புரிந்துகொண்ட பிள்ளைகள், தாங்களாகவே அந்த இரண்டையும் மேசையில் சற்றுத் தள்ளி, வாசலில் நிற்பதுபோல நிறுத்தினார்கள்.

குடிலின் வரலாறும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் துறவியான அசிசியின் பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் இரவில் செய்ததே இன்றைய குடில் வழக்கம் பரவுவதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அங்கே பொம்மைகள் இல்லை. வைக்கோல் நிரப்பிய ஒரு முன்னணையும், உயிருள்ள மாடும் கழுதையும் மட்டுமே இருந்தன; அவற்றுக்கு முன்னால் நின்று அவர் தரித்திரராய்ப் பிறந்த ராஜாவைக் குறித்துப் பிரசங்கித்தார். அந்தக் குழந்தை பட்ட வறுமையைக் கண்ணால் காண்பதே நோக்கம். என் தகப்பனார் இதை அறிந்திருந்தால் குடிலைப் பற்றி வேறுவிதமாக எண்ணியிருப்பாரா என்று சில இரவுகளில் யோசித்திருக்கிறேன். எண்ணியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. அவருடைய அச்சம் பொம்மை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியதல்ல, அது எங்கே போய் முடியும் என்பதைப் பற்றியது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். குடிலுக்கு முன் யாரும் வணங்கவோ ஊதுவத்தி ஏற்றவோ கூடாது என்று வகுப்பில் முதல் நாளே சொன்னேன்.

தேதியைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. டிசம்பர் 25 என்று சுவிசேஷங்கள் எங்கும் சொல்லவில்லை. ரோமாபுரியில் தொகுக்கப்பட்ட 354-ஆம் ஆண்டின் நாட்காட்டி ஒன்றில்தான் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாளாக அந்தத் தேதி தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதே தொகுப்பில் இருக்கும் ரோம அரசின் நாட்காட்டி, அதே நாளை ‘வெல்லப்படாதவனின்’ பிறந்தநாள் என்று காட்டுகிறது. 274-ஆம் ஆண்டில் அவுரேலியன் பேரரசன் கோவில் கட்டிப் பிரதிஷ்டை செய்த சூரியதேவனைத்தான் அது குறிக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. இந்த ஒற்றுமையைக் கண்டு, சூரியனின் பண்டிகையைச் சபை எடுத்துக்கொண்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மார்ச் 25-ல் கர்த்தர் கருவில் உருவானார் என்று சபையார் முன்னமே கணக்கிட்டிருந்தார்கள், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணியதே டிசம்பர் 25 என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. அர்மேனிய சபையார் இன்றும் ஜனவரி 6-ஆம் தேதியில்தான் பிறப்பை ஆசரிக்கிறார்கள். தேதி வேதத்திலிருந்து வந்ததல்ல என்பதை மறைத்துப் பிள்ளைகளை வளர்ப்பதைவிட, அவர்களிடம் அதைச் சொல்லிவிடுவது நேர்மை. வளர்ந்த பிறகு எங்கோ ஒரு காணொளியில் அதைக் கேட்டுவிட்டு, தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைத்துச் சபையைவிட்டே விலகிய இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விளாச்சேரிக்குப் போகும் வழியில் பசுமலை இருக்கிறது என்றேன். அமெரிக்க மதுரை மிஷனின் பள்ளிகளும் இறையியல் கல்வியும் வேரூன்றிய இடம் அது. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அந்த மிஷனரிமாரை அனுப்பிய சங்கம் மாசசூசெட்ஸில் பிறந்தது. அந்த மாசசூசெட்ஸில்தான் 1659-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் ஆசரிப்பவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று, வேதத்தில் இல்லாத சடங்குகளை ஒதுக்கிய பியூரிட்டன் சபையார் சட்டம் போட்டார்கள். 1681-ல் சட்டம் நீக்கப்பட்ட பின்னும் நெடுங்காலம் அங்கே டிசம்பர் 25 சாதாரண வேலைநாளாகவே இருந்தது. 1856-ல்தான் அது அரசு விடுமுறையானது. இங்கிலாந்தில் 1647-ல் பாராளுமன்றமே கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் பண்டிகை நாட்களின் வரிசையிலிருந்து நீக்கியது. வேதத்தில் இல்லாததை ஆராதனையில் சேர்க்கக் கூடாது என்ற பயபக்தியிலிருந்து எழுந்த தீர்மானங்கள் இவை, கிறிஸ்துவை மறுத்தவர்கள் செய்தவை அல்ல. கிறிஸ்துமஸை ஆசரிக்காதவர்களை இன்று ‘புதுக்கூட்டம்’ என்று நம்மில் சிலர் இளக்காரமாகப் பேசுகிறோம். நமக்கு வேதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பாட்டன்மார் அந்தக் கூட்டத்தார்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

அண்ணன் டிசம்பர் 26-ஆம் தேதி வந்தார். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில்தான் வருவார். 25-ஆம் தேதி வந்தால் பண்டிகைக்கு வந்ததாகிவிடும். அவர் மனம் இடறக் கூடாதென்று குடிலை உள்ளறைக்கு மாற்றி வைத்திருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, “எனக்காக எடுத்து வைத்தாயா, தம்பி?” என்று கேட்டு, உள்ளே போய் மேய்ப்பனைக் கையில் எடுத்துப் பார்த்தார். மண்வேலை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு உட்கார்ந்து, பல ஆண்டுகளாக நாங்கள் தவிர்த்து வந்ததைப் பேசினோம். புறஜாதிகள் தங்கள் தேவர்களைச் சேவித்த விதமாக நீங்கள் கர்த்தருக்குச் செய்யாதிருங்கள் என்று உபாகமம் பன்னிரண்டாம் அதிகாரம் சொல்கிறதே என்றார். “கர்த்தருக்குப் பண்டிகை என்று சொல்லித்தானே தம்பி, ஆரோனும் கன்றுக்குட்டியை நிறுத்தினான்?” என்றார். மோசே மலையில் இருந்தபோது ஜனங்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கொடுத்தவன் ஆரோன். அந்தக் கேள்வி எனக்குள் ஆழமாக இறங்கியது. நோக்கம் நல்லதாக இருந்தால் எல்லாம் சரி என்று சொல்லித் தப்பிக்க அந்த வசனம் விடுவதில்லை.

என்றாலும் அதே வேதத்தில், மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிடாத பண்டிகைகளும் இருக்கின்றன. பூரீம் பண்டிகையை எஸ்தரின் காலத்து யூதர்கள் தாங்களே நியமித்துக்கொண்டார்கள். அந்நிய அரசன் தீட்டுப்படுத்திய ஆலயத்தை மக்கபேயர் என்ற யூத வீரர்கள் மீட்டுச் சுத்திகரித்ததை நினைவுகூரும் பிரதிஷ்டைப் பண்டிகை எந்தத் தீர்க்கதரிசியாலும் கற்பிக்கப்படவில்லை. ஆனால் யோவான் பத்தாம் அதிகாரத்தில், மாரிகாலத்தில், அந்தப் பண்டிகை நாளில் ஆண்டவர் எருசலேம் தேவாலயத்தில் சாலொமோனுடைய மண்டபத்திலே உலாவிக்கொண்டிருந்தார். மனிதர் ஏற்படுத்திய பண்டிகை என்று அவர் அதைக் கண்டிக்கவில்லை. அந்த நாளிலேயே, தாமும் பிதாவும் ஒன்றாயிருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். இதை நான் சொன்னபோது அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். ஆண்டவர் அங்கே இருந்தார் என்பது சரி, அதை ஆசரிக்கச் சொன்னார் என்று இல்லையே என்றார். அது உண்மை. என்னுடைய நியாயம் அதற்குமேல் போகாது. ஆசரிக்கலாம் என்பதற்கு வேதத்தில் இடம் இருக்கிறது. ஆசரித்தே ஆக வேண்டும் என்பதற்கு இல்லை.

“ஒருவன் ஒருநாளை மற்றொருநாளிலும் விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்வது எங்கள் இருவருக்கும் போதுமான இடம் தருகிறது. அண்ணன் என்னை விக்கிரகாராதனைக்காரன் என்று நினைப்பதை அது தடுக்கிறது. நான் அவரை அன்பில்லாதவர் என்று நினைப்பதையும் தடுக்கிறது. ஆனால் இந்த வசனத்தை நம் சபைகள் அரைகுறையாகவே கைக்கொள்கின்றன. பண்டிகை ஆசரிக்கச் சுயாதீனம் உண்டு என்று சொல்லிவிட்டு, அதைப் பெருஞ்செலவுள்ள கடமையாக்கி ஏழைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிடுகிறோம். டிசம்பரில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வட்டிக்கு வாங்கி, சித்திரை வரை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. முன்னணையில் பிறந்தவரின் பேரால் வந்த கடன் அது. அந்தச் சுமையைப் பற்றி டிசம்பர் மாதப் பிரசங்கங்களில் நான் கேட்டதே இல்லை.

மதுரைக்கு இந்த வழக்கு புதிதுமல்ல. 1606-ல் இங்கே வந்த இத்தாலிய இயேசு சபைக் குருவானவர் ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் சந்தனமும் குடுமியும் மதச் சின்னங்களா, குடிமை வழக்கங்களா என்ற கேள்வியை எழுப்பி, அது ரோமாபுரி வரை போய், 1623-ல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். பிறகும் அடங்காத விவாதத்துக்கு 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் ஆணை வெளியிட வேண்டியிருந்தது. நூலுக்கும் சந்தனத்துக்கும் இத்தனை ஆராய்ச்சி நடந்த காலத்திலேயே, மேல்சாதியாருக்கு ஒரு குருவானவர், மற்றவர்களுக்கு வேறொரு குருவானவர் என்ற ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. இன்றும் அதுவே நடக்கிறது. நட்சத்திரம் புறஜாதியாருடையதா, மரம் புறஜாதியாருடையதா, பொங்கல் பானையைச் சிலுவையடியில் வைக்கலாமா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகளைக் குறித்து வாய் திறப்பதில்லை. வேதத்துக்குப் புறம்பான ஒரு வழக்கத்தை நம்மிடமிருந்து களைய வேண்டுமானால், களைய வேண்டியது எது என்பதைப் பட்சபாதத்தைக் கண்டிக்கும் யாக்கோபின் இரண்டாம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது. ஒரு மண் ஒட்டகத்தின்மேல் நான் கோபப்பட மாட்டேன். அந்தக் கல்லறைத் தோட்டங்களைப் பிரிக்கும் மதில்சுவரின்மேல் கோபப்படுகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் நடுவிலேயே போய்விடுங்கள். டிசம்பரில் மிஞ்சியதைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும். காகிதக்கூழில் செய்தவையும் கிடைக்கின்றன. அவை கனமற்றவை, வெளியூருக்கு எடுத்துப்போக உகந்தவை, ஆனால் முகத்தின் நுட்பம் மண்ணில் வருவதுபோல் வரவில்லை. சுட்ட மண்ணை நேரில் போய்க் கையோடு கொண்டுவருவதே நல்லது. எங்கள் உறவினர் ஒருவருக்கு இதேபோல ஒரு செட்டைப் பார்சலில் அனுப்பினேன், ஓர் ஆட்டின் இரண்டு கால்கள் ஒடிந்தே போய்ச் சேர்ந்தன. எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் வேர்த்து வண்ணம் ஒட்டிக்கொள்ளும். வைக்கோலைப் பொம்மைகளோடு சேர்த்து வைக்காதீர்கள், கரையான் வரும்.

பாட்டியம்மாளிடம், சாஸ்திரிகள் மூவரும் இல்லாமல் என்ன விலை என்று முதலில் கேட்டிருந்தேன். “மூணு ராசா இல்லாம செட்டு எப்பிடிங்கய்யா?” என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். அதனால் முழுச் செட்டையும் வாங்கினேன். குழந்தையை மட்டும் தனியே துணியில் சுற்றிக் கொடுத்து, “இத நீங்க இருபத்தி நாலாம் தேதி ராத்திரிதானே வைப்பீங்க?” என்று கேட்டார். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. என்றாலும் அவர் சொன்னபடியே முன்னணையை 24-ஆம் தேதி இரவு வரை வெறுமையாக விட்டிருந்தோம். சாஸ்திரிகள் முதலில் கூடத்தின் மறுமுனையில், என் புத்தக அலமாரியின்மேல் நின்றார்கள். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் பேரப்பிள்ளைகள் அவர்களை ஒரு சாண் நகர்த்தினார்கள். ஜனவரி 6-ஆம் தேதி மாலை அவர்கள் வந்து சேர்ந்தபோது, குழந்தையையும் மரியாளையும் யோசேப்பையும் பிள்ளைகள் முன்னணையிலிருந்து எடுத்து, ஓர் அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டிச் செய்த வீட்டுக்குள் வைத்திருந்தார்கள். மத்தேயுவில் வீடு என்றுதானே இருக்கிறது தாத்தா என்றார்கள்.